கொம்பில்லாத எழுத்து

மார்ச் 3

அன்புள்ள முசுட்டுத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உன் சுகத்துக்கு எழுது. பத்து மாடி உயரத்தில் கிரேன் கூண்டுக்குள் ஒண்டியாக உட்கார்ந்திருப்பவன், சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

போன வாரம் ஒரு படம் பார்த்தேன். எங்கள் அச்சகத்தின் மேல்மாடியில் மாதம் ஒரு முறை படம் போடுகிறார்கள். நான்தான் டமாரச் செவிடாயிற்றே, அடியில் எழுத்து ஓடினால் மட்டும் போவேன். எல்லைப்புறத்தில் கடைசி வீடு. அதற்கு அப்பால் வீடு இல்லை, மரம் இல்லை, வேலிகூட இல்லை. காற்றும் புழுதியும்தான். புருஷன், பெண்டாட்டி இரண்டே பேர். யாரோ துரத்த வருகிறார்கள் என்று பேச்சு. கடைசி வரை யாரும் வருவதில்லை. அவள் ஓயாமல் பேசுகிறாள். அவன் கதவோரம் நாற்காலியைப் போட்டு, மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறான். வாயே திறப்பதில்லை. அவ்வளவு பயம் அவனுக்கு. பயந்தவனைப் பார்த்து நமக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. முடிவைச் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார என்னால் முடியவில்லை. இணையத்தில் இருக்கிறதாம், பார்த்துவிட்டு எழுது.

இன்னொன்று. எங்கள் பக்க வடிவமைப்புப் பெண் ஒரு விளையாட்டைக் காட்டினாள். ஒரு வெள்ளைப் பக்கம். நாம் எதை வரைந்தாலும் நாமாக நகர்த்தும்வரை அது அங்கேயே தங்கிவிடும், காற்றில் கொஞ்சம் ஆடும். வேறு ஊரில் இருப்பவரும் அதே பக்கத்தில் வந்து வரையலாம். நம் இருவருக்கும் ஒரு பக்கம் திறந்திருக்கிறேன், விலாசம் பின்னால் இருக்கிறது. போனில் செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறவன் நீ. இதிலாவது இரண்டு கோடு போடு.

இப்படிக்கு,
உன் அக்கா

மார்ச் 19

அன்புள்ள டமாரத்துக்கு,

தம்பியின் வணக்கம். முழங்காலுக்கு ஒத்தடம் கொடு, மாடிப்படி ஏறாதே. நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன்.

வலை கிடைத்து ஏழு மாதம் முடிந்தது. மூன்று வருஷம் உன் தயவில் வீட்டில் சாய்ந்து கிடந்தவன் இன்று ஒரு வீடு கனக்கும் இரும்புப் பெட்டிகளைத் தூக்கிக் கப்பலில் அடுக்குகிறேன் என்றால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. கூண்டில் ஏறி உட்கார்ந்தால் நான் ஒரு ராஜா. கீழே நின்று எனக்குக் கைகாட்டுகிறவனை விசில் என்று கூப்பிடுகிறோம். வாயில் எப்போதும் விசில். மூன்று பெண் குழந்தைகளுக்குத் தகப்பன், தங்கமான ஆள். அறையிலும் எனக்கு அவன்தான் கூட்டு.

படம் பார்த்தேன். நீ பார்த்தது வேறு படமோ? நீ எழுதிய புருஷன் எங்கே? ஒரு பண், ஒரு வீடு, அவ்வளவுதான். இல்லாத ஆளோடு பசிக்கொண்டே இருக்கிறாள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது. கடைசியில் எங்கிருந்தோ ஒரு வெடிச் சத்தம். துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்து செத்துப் போகிறாள். சுட்டது யார் என்று காட்டவே இல்லை. எனக்குப் பயம் வந்தது அங்கேதான் அக்கா. ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து சாவு வருகிறது. அதுதான் படத்தின் சூட்சுமம், உனக்குப் பிடிபடவில்லை.

வாசல் நிலையில் தோளை இடித்துக்கொண்டேன், கன்றிப் போயிருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
தம்பி

மார்ச் 27

சூட்சுமம் கண்ட தம்பிக்கு,

ஆசிகள். நான் நலம், நலமாக இருப்பவனுக்குத் தோள் எப்படிக் கன்றும் என்று நீதான் சொல்ல வேண்டும். நிலைவாசல் நகர்ந்து வந்து உன்னை இடித்ததா?

இருபத்தாறு வருஷமாக அச்சுப்பிழை பார்த்துத்தான் பிழைக்கிறேன். என்னிடமே புருஷன் இல்லை என்று சாதிக்கிறாயே! முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை படத்தின் இடது ஓரத்தில் அவன் உட்கார்ந்திருக்கிறான். எழுந்து நின்று சுடுகிறவனும் அவன்தான். நீ பாதி தூங்கிவிட்டு மீதிக்குக் கதை கட்டுகிறாய்.

உன் கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தி இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். வேலை என்பது ‘வலை’, பெண் என்பது ‘பண்’, பேசிக்கொண்டே என்பது ‘பசிக்கொண்டே’. அத்தனை கொம்பும் எங்கே போயிற்று? ‘உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு’ என்று அம்மா உன்னைத் திட்டுவாளே, அந்த ரோஷத்தில் எழுத்திலும் கொம்பை வெட்டிவிட்டாயா? அச்சகத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், சிரிப்பாய்ச் சிரித்தார்கள்.

வெள்ளைப் பக்கத்தில் தினமும் வரைகிறேன். ஒரு வேலி, ஒரு கிணறு, பதினேழு மரம். நீ உன் பாட்டுக்கு ஒரு பக்கமாக வீடு வரைந்துவிட்டுப் போகிறாய், என் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவ்வளவு கேவலமாகவா இருக்கிறது?

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 14

அக்காவுக்கு,

வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் கட்டுப் போயிருக்கிறது.

நாலு பேர் சிரிக்க என் கடிதத்தைப் படித்தாயாக்கும். திருத்தியதைப் பார்த்தேன். நான் எழுதியதும் நீ எழுதியதும் எனக்கு ஒன்றாகத்தான் தரிகிறது.

பாய் சொல்லாதே. வேலியும் இல்லை, கிணறும் இல்லை. அந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். நம்ப மாட்டாய் என்றுதான் ஆபீஸ் கணினியில் அச்செடுத்து இதில் வைத்திருக்கிறேன், நீயே பார்த்துக்கொள். படத்தையும் மறுபடி பார்த்தேன். ஆள் இல்லை.

இங்கே எல்லோருக்கும் நான்தான் கலிப் பொருள். ஒரு கன்னத்தை மட்டும் மழித்துவிட்டு வலைக்குப் போய்விட்டேனாம். அவசரத்தில் விட்டிருப்பேன், அதற்கு ஒரு வாரச் சிரிப்பு. விசில் வேறு. பட்டியை மல்ல இறக்கிக்கொண்டிருக்கிறேன், திடீரென்று எங்கிருந்தோ முளைத்து வந்து கத்துகிறான். ஒரு சாண் தள்ளித்தான் நின்றானாம். முன்னாலிருந்தே அங்கேதான் நின்றேன் என்று சாதிக்கிறான். கூண்டிலிருந்து தரை முழுக்க எனக்குத் தரியும்; தரை காலியாக இருந்தது. பிள்ளைகுட்டிக்காரனுக்குக் கொஞ்சம் புத்தி வண்டாமா?

தம்பி

ஏப்ரல் 22

அன்புத் தம்பிக்கு,

சிரித்தது தப்புதான், மன்னித்துக்கொள். இனி உன் கடிதத்தை யாருக்கும் காட்டமாட்டேன்.

நீ அனுப்பிய அச்சுப் பிரதி என் மேசை மேல் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். உனக்குத் தலைவலி உண்டா? காலையில் குமட்டுகிறதா? உன் கடிதம் பக்கத்தின் நடுவில் தொடங்கி வலது ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு முடிகிறது. இடது பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு வெறுமையாக விட்டிருக்கிறாய். முன்பெல்லாம் காகிதத்தை இப்படி வீணடிக்கிறவன் இல்லையே நீ.

கண்ணைக் காட்டிவிட்டு வா. எனக்காக. விசில் சொல்வதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள். வேறு ஒன்றும் இல்லை, சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ உருகி உருகி எழுதியதைப் பார்த்தால் உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது.

ஒருவழியாக வந்து சர்ந்தாய்! சனிக்கிழமை பக்கத்தைத் திறந்தால் நட்டநடுவில் ஒரு குதிரை. நன்றாக இருக்கிறது, ஆனால் இத்தனை நாள் கழித்து ஒரே ஒரு குதிரையா?

கண் பரிசோதனை யார்டிலேயே நடந்தது. எழுத்துப் பலகையைக் காட்டினார்கள். பொடி எழுத்து வரைக்கும் படித்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் முப்பது பேர், ‘ஓகே ஓகே, அடுத்த ஆள்’ என்று முத்திரை குத்திவிட்டார். ஆக, பார்வை நூற்றுக்கு நூறு. தலைவலி எல்லோருக்கும்தான் வரும்.

வாசலில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். பரிய சிவப்பு எழுத்தில் ‘வனம்’ என்று. இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே வனம் எங்கே வந்தது என்று விசிலிடம் கட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

இருபதாம் தேதி பரிய கப்பல் வருகிறது. இரண்டிரண்டு பெட்டியாகத் தூக்க வண்டும். எனக்குத்தான் அந்த வலை. பெருமையாக இருக்கிறது அக்கா.

தம்பி

மே 13

மதிப்பிற்குரிய யார்டு மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்களிடம் கிரேன் ஓட்டும் ஒருவனின் மூத்த சகோதரி நான். என் தம்பியைத் தயவுசெய்து உடனே கூண்டிலிருந்து இறக்குங்கள். அவனுக்கு இடது பக்கம் இல்லை.

கண் தெரியவில்லை என்று சொல்ல வரவில்லை. கண் நன்றாக இருக்கிறது, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தோன்றுவதில்லை. இணையத்தில் நாங்கள் இருவரும் வரையும் பக்கம் ஒன்று உண்டு. நான் வரைந்தது எதுவும் இல்லை என்று நிரூபிக்க அவன் அச்செடுத்து அனுப்பிய தாளில், இடப்பாதி முழுக்க நான் வரைந்தவைதான் இருக்கின்றன. அவன் வரைந்த வீடுகளுக்கு வலப்பக்கக் கூரையும் வலப்பக்கச் சுவரும் மட்டும்தான். ஒரு முழு வீடுகூட இல்லை. சந்தேகம் தீர, இடது ஓரத்தில் ஒரு குதிரை வரைந்து நாளுக்கு ஓர் அங்குலம் நகர்த்தினேன். ஒன்பது நாள் அவனுக்குத் தெரியவில்லை. பத்தாம் நாள் அது நடுக்கோட்டைத் தாண்டியது. அன்றுதான் குதிரை வந்ததாக எழுதுகிறான். உங்கள் வாசலில் உள்ள ‘கவனம்’ என்ற பலகையை அவன் ‘வனம்’ என்று படிக்கிறான்.

இவற்றை எடுத்துக்கொண்டு எனக்குக் கண்ணாடி எழுதித் தரும் டாக்டரிடம் போனேன். வீடுகளைப் பார்த்து முதலில் சிரித்தார். பிறகு, “இவர் என்ன வேலை பாக்கறார்?” என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, “இன்னைக்கே சொல்லி இறக்குங்கம்மா” என்றார். இது கண் கோளாறு இல்லை, மூளையைப் படம் எடுக்க வேண்டும், எடுக்கும்வரை கீழே நிற்பவர் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்ததையும் இணைத்திருக்கிறேன்.

இந்த வேலை அவனுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். என் கையாலேயே அதைப் பிடுங்குகிறேன். எழுதியது நான் என்று மட்டும் அவனிடம் சொல்ல வேண்டாம். எனக்கு அவனை விட்டால் யாரும் இல்லை.

பணிவுடன்,
அச்சகப் பிழைதிருத்துநர்

மே 13

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். முழங்கால் பரவாயில்லை. இங்கே நல்ல மழை, அச்சகத்தில் காகிதமெல்லாம் நமத்துப் போய்விட்டது.

படத்தைப் பற்றி யோசித்தேன். நீ சொன்னதுதான் சரியோ என்று தோன்றுகிறது. அந்தப் புருஷன் இல்லை என்றே வைத்துக்கொள்வோம்.

குதிரை உனக்குப் பிடித்ததில் சந்தோஷம். சாலையில் பார்த்து நட. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மே 25

அக்கா,

நீ நலமாக இரு. நான் இல்லை.

போன திங்கட்கிழமை வலையின் நடுவில் என்னைக் கீழே இறங்கச் சொன்னார்கள். அத்தனை பேர் பார்க்க ஏணியில் இறங்கினேன். யாரோ என்னைப் பற்றி மொட்டைக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். மேற்பார்வையாளர் பயரைச் சொல்ல மாட்டேன் என்கிறார். இப்போது கிடங்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாம் குசலம் விசாரிக்கிறான். தலையைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள், வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதவனுக்கு எதற்குப் படம்?

எழுதியவன் யார் என்று எனக்குத் தரியும். விசில்தான். அன்றைக்குப் பட்டி விஷயத்தில் சத்தம் போட்டவன். நான் அறைக்குள் வந்தால் பச்சை நிறுத்திவிடுகிறான். ஒரே அறையில் படுத்துக்கொண்டு முதுகில் குத்தியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவன் தனியாக இருப்பான். ஒரு கை பார்க்கிறேன். என்ன ஆனாலும் ஆகட்டும்.

எனக்கென்று நீ ஒருத்திதான் இருக்கிறாய். நீயாவது நம்பு.

தம்பி

மே 30

தம்பி,

உன் கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. போனில் ஆறு செய்தி அனுப்பிவிட்டேன். நீ ஒன்றையும் திறக்கவில்லை. இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்குள் உன்னிடம் வந்து சேராது என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன், எனக்கு வேறு என்ன செய்வது என்று தோன்றவில்லை.

விசில் மேல் கை வைக்காதே. எழுதியது நான்.

உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ கூண்டுக்கு ஓடுவாயே தவிர டாக்டரிடம் போகமாட்டாய் என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம், ஒரு பெட்டியின் அடியில் மூன்று குழந்தைகளின் அப்பன். உனக்குத் தரை காலியாகத்தான் தெரிந்திருக்கும்.

இரண்டு மாதமாக உன் எழுத்து எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் சிவப்பு மையைத் தொட்டுக்கொண்டு சிரித்தேன். ஊரார் பிழையெல்லாம் பார்க்கிறேன் என்று மார்தட்டுகிற எனக்கு இது தெரியவில்லை. என்னைத் திட்டு. வராதே என்று எழுது. எது வேண்டுமானாலும் எழுது, எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இதை எழுதுவது விசில், சொல்லுவது நான். அதனால் கொம்பெல்லாம் இருக்கும், உன் சிவப்பு மைக்கு வேலை இல்லை.

ஒரு மாதம் எழுதாமல் இருந்தது வேண்டுமென்றேதான். உன்னைத் தவிக்கவிட வேண்டும் என்று இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். கதவைச் சாத்திவிட்டு இவனைத் தேடினேன். அறை காலியாக இருந்தது. “டேய், எங்கடா ஒளிஞ்சிருக்கே?” என்று கத்தினேன். “இங்கதான்ணே நிக்கிறேன்” என்று குரல் வந்தது. குரல் வருகிறது, ஆள் இல்லை. சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரே பக்கமாகச் சுற்றினேன் போலிருக்கிறது. மறுபடியும் கத்தினேன். “உங்க பக்கத்துலதான்ணே, உங்க கையத்தான் புடிச்சிருக்கேன்” என்றான். என் கையை யாரோ பிடித்திருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவன் அழுதான். (இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டான். எழுதுடா என்றேன்.) அடுத்த நாள் இவனே என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

மூளையின் வலது பக்கத்தில், நம் இடப்பக்கத்தைக் கவனிக்கிற இடத்தில், ஒரு கட்டி, எலுமிச்சங்காய் அளவு. நல்லதா கெட்டதா என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். இங்கே ஒரு நர்ஸ் எனக்குப் பயிற்சி கொடுக்கிறாள். கழுத்தை இடது பக்கம் வலிக்கிற வரைக்கும் திருப்ப வேண்டும், கட்டில் விளிம்பில் ஒட்டியிருக்கும் சிவப்பு நாடா தெரிகிற வரைக்கும். தெரிந்த பிறகுதான் நிறுத்தலாம். தெரியும்போது, அவ்வளவு நேரமும் அது எங்கே இருந்தது என்று அவளையே கேட்கிறேன்.

நேற்று அப்படிக் கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தேன். இருக்கிறான் அக்கா. முதல் காட்சியிலிருந்தே இருக்கிறான். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. பகலிலும் இருக்கிறது. தலையைத் திறப்பார்களாம். திறந்து மூடிய பிறகு எழுந்திருக்கிறவன் நான்தானா என்று யாரைக் கேட்பது? டாக்டர் எல்லாவற்றுக்கும் நூற்றில் இத்தனை, நூற்றில் அத்தனை என்கிறார். வேண்டாம், இப்படியே இருந்துவிடுகிறேன் என்று நாலு நாள் சம்மதத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

உன் மேல் கோபம் தீரவில்லை. நீ செய்தது சரிதான் என்று விசில் சொல்கிறான், மேற்பார்வையாளர் சொல்கிறார், நர்ஸ்கூடச் சொல்கிறாள். எனக்கும் தெரியும். ஆனாலும் தீரவில்லை. அத்தனை பேர் பார்க்க ஏணியில் இறங்கியது நான். இது தீர இன்னும் வருஷக்கணக்கில் ஆகும். அந்த வருஷங்கள் எனக்கு வேண்டும் என்றுதான் இன்று காலை கையெழுத்துப் போட்டேன்.

பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். அதற்கு முன்னால் கிளம்பி வந்துவிடு.

இப்படிக்கு,
உன் தம்பி